ஒரு முழங்கையின் கதை

1/ ரிங்கு சிங்னா கிரிக்கெட்டர் ஞாபகம் வருதா? இவர் வேற. வாரணாசி பக்கத்து லாரி டிரைவர் மகன், ஈட்டி எறிபவர். 2008ல டிவி போட்டியில ஜெயிச்சு, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்கு பேஸ்பால் பிட்சர் ஆனார். ரஹ்மான் இசையமைச்ச ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் இதைத்தான் சொல்லுது.

2/ படத்துல இல்லாதது: 2012ல மைனர் லீக்ல 72 இன்னிங்ஸ் வீசினார். 2013ல முழங்கை லிகமென்ட் ஆபரேஷன். மறுபடி அந்த லீக்ல வீசவே இல்ல.

3/ 1974ல இந்த ஆபரேஷனை முதல்ல செஞ்சுக்கிட்ட டாமி ஜான் மீண்டு வந்து 164 ஆட்டம் ஜெயிச்சார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

4/ வேளச்சேரி பெற்றோர்களே, கோச்சிங் போற பிள்ளைக்குப் பந்து எறியும்போது முழங்கை உள்பக்கம் வலிச்சா, ஸ்ப்ரே அடிச்சு அனுப்பாதீங்க. எறியறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.