கால் சுற்று

1965 அக்டோபர். மாஸ்கோவில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. பின்சீட்டில் இருந்தவர் வலேரி புரூமெல், வயது 23. முந்தின வருடம்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கியிருந்தார். 1963-இல் அவர் தாண்டிய 2.28 மீட்டர்தான் அன்றைய உலக சாதனை. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அறுவைக்கு மேல் அறுவை செய்தும் மூன்று வருடமாக எலும்பு சேரவே இல்லை.

நம் ஊரிலும் கேட்டிருப்பீர்கள்: "மாவுக்கட்டைப் பிரிச்சுப் பாத்தா எலும்பு சேரலையாம்." இது அதிகம் நடக்கிற இடங்களில் ஒன்று டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் பெரிய எலும்பு. விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும், நடுவில் தசை இல்லை. ரத்த ஓட்டம் குறைவு, அடிபட்டால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரத்தம் வராவிட்டால் முறிந்த முனைகள் மெலிந்து அப்படியே நின்றுபோகும். ரத்தம் இருந்தும் முறிவு ஆடிக்கொண்டே இருந்தால் வேறு மாதிரி தோல்வி: இருபுறமும் எலும்பு குவியும், நடுவில் மட்டும் நார் போன்ற திசு நிரம்பி நிற்கும். கான்கிரீட் இறுகுவதற்குள் சென்டரிங்கைப் பிடித்து ஆட்டின மாதிரி.

இதற்குப் பழைய பதில், திறந்து எதையாவது உள்ளே வைப்பது. நியூயார்க்கில் ஃபிரெட் ஆல்பி மின்சார ரம்பத்தால் நோயாளியின் வேறோர் எலும்பிலிருந்து துண்டு எடுத்து, தச்சர் மாதிரி முறிவில் பொருத்தினார். 1915-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ச்சர் எலும்பின் குழலுக்குள் நீளமான உலோக ஆணியைச் செருகினார். இரண்டும் நல்ல வழிகள்தான், இன்றும் நடப்பவைதான். ஆனால் சீழ் பிடித்த காலுக்குள் உலோகத்தை வைப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

1944-இல் மருத்துவப் படிப்பை முடித்த கவ்ரீல் இலிசாரோவை மேற்கு சைபீரியாவில் குர்கான் பகுதியின் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். போரில் கால் எலும்பு முறிந்து, சீழ் வைத்து, சேராமல் திரும்பியவர்கள் நாடெங்கும் இருந்த காலம். 1952-இல் ஒரு கருவிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1954-இல் சான்றிதழ் கிடைத்தது. காலைச் சுற்றி உலோக வளையங்கள். எலும்பின் குறுக்கே, சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். வளையங்களை இணைக்க மரை போட்ட தண்டுகள், நட்டுகள். முறிவைத் திறக்கவே வேண்டாம். நட்டை முடுக்கினால் எலும்பு முனைகள் ஒன்றையொன்று அழுத்தும். நோயாளி எழுந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

ஒரு நோயாளி நட்டைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டார், நெருங்க வேண்டிய முனைகள் விலகின, அந்த இடைவெளியில் புது எலும்பு முளைத்திருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு இந்த மாதிரி 'ஆப்பிள் விழுந்த' கதைகளில் நம்பிக்கை குறைவு. அதன்பின் நாய்களில் வருடக்கணக்காக நடந்த சோதனைகள்தான் முக்கியம். ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் இழுத்தால் எலும்பு சீக்கிரமே மூடிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் சரியாக உருவாகாது. ஒரு மில்லிமீட்டர் சரி, அதையும் ஒரே தடவையில் இழுக்காமல் நான்காகப் பிரித்தால் இன்னும் நல்லது. தண்டின் மரை இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர். அதனால் ஒரு வேளைக்குக் கால் சுற்று, நாளைக்கு நாலு வேளை. கணக்கு முடிந்தது! நோயாளியே ஸ்பேனரை வைத்துத் திருப்பிக்கொள்ளலாம். பொறியியல் படித்த எனக்கு இந்த இடம் வந்தாலே சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு அழகு.

சேராத எலும்புக்கு இது எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. முறிவின் நடுவே மாட்டிக்கொண்ட அந்த நார்த்திசுவை வெட்டி எறியாமல் மெதுவாக இழுத்தால், அதுவே எலும்பாகிறது. சீழ் பிடித்துச் செத்த பகுதி என்றால் அதை நீக்கிவிட்டு, நல்ல பகுதியில் புதிதாக ஒரு வெட்டு போட்டு, நடுத்துண்டை ரயில் பெட்டி மாதிரி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். முன்னால் பள்ளம் மூடும், பின்னால் புது எலும்பு வளரும். சும்மா இல்லை, மாதக்கணக்கில் வலி. கம்பி நுழையும் இடங்களில் தொற்று சர்வசாதாரணம்.

மாஸ்கோ இதை மெக்கானிக் வேலை என்று கேலி செய்தது. உரிமைச் சான்றிதழ் கிடைத்து 14 வருடம் கழித்து, 1968-இல் புரூமெல் குர்கானுக்கு வந்தார். எலும்பு சேர்ந்தது, குட்டையான கால் நீண்டது, மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். நாடே கவனித்தது. 1971-இல் குர்கானில் தனி ஆய்வு நிலையம் வந்தது. அதுவரை குணமான விவசாயிகளின், தொழிலாளிகளின் எக்ஸ்ரேக்கள் எதைக் காட்டவில்லை, புரூமெல் கால் புதிதாக எதைக் காட்டிவிட்டது? ஒன்றுமில்லை. அது பிரபலமான கால், அவ்வளவுதான்.

மேற்கு நாடுகளுக்கும் அப்படியே ஒரு கால் தேவைப்பட்டது. 1958-இல் வால்டர் பொனாட்டியுடன் காஷெர்ப்ரம் 4 சிகரத்தில் முதன்முதலாக ஏறிய இத்தாலியர் கார்லோ மௌரி, பழைய முறிவால் நொண்டிக்கொண்டிருந்தார். 1980-இல் குர்கான் போய்த் திரும்பினார். அவருடைய காலைப் பார்த்து இத்தாலிய மருத்துவர்கள் அசந்துபோனார்கள். மறுவருடம் இலிசாரோவை இத்தாலிக்கே அழைத்துப் பேச வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 60.

இன்று சேராத டிபியாவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது குன்ச்சர் வழிவந்த ஆணியையும் தகட்டையும் எலும்பு ஒட்டையும்தான். நோயாளிக்கு அதுதான் சுலபம். சீழ், குட்டை, கோணல் எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் வளையத்தை எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு ஸ்பேனரையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.