பட்டை அணிந்த கைகளும் பெயரிழந்த முகங்களும்

திருவிழா நாட்களில் தெய்வப் படங்களைத் தேடி மக்கள் திரளும் ஊர் எங்கள் திருவண்ணாமலை. கடலோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால்! இங்கிருந்துகொண்டு பழைய கடற்படை அதிகாரிகளின் நிழற்படங்களைத் திரட்டுகிறேன் என்றால், "வாத்தியாருக்குப் பித்து" என்று பேசாதிருப்பரா? பேசுகின்றனர். பேசட்டும்.

படம் கிடைத்ததும் நான் முதலில் நோக்குவது முகத்தையன்று; சட்டைக்கையின் முனையை. இருபதாம் நூற்றாண்டுப் படமாயின், பொன்னிறப் பட்டை இரண்டு என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கமாண்டர், நான்கு என்றால் கேப்டன். பிறகு அட்டையைத் திருப்புவேன். பாரிசு நகரத்து டிஸ்டேரி 1854-இல் உரிமம் பெற்ற சிற்றட்டைப் படம் பரவிய பின், படம் எடுத்த நிலையத்தின் பெயரை அட்டையில் அச்சிடுவது வழக்கமாயிற்று. காலத்தைக் கணிக்க அது கைகொடுக்கும்.

பட்டை அணிந்த அந்தக் கைகள் எவருடையவை? இந்தியாவின் பெயரைத் தாங்கிய 'ராயல் இந்தியன் மரைன்' படையில், 1928-இல் டி. என். முகர்ஜி அமர்த்தப்படும்வரை இந்தியர் ஒருவர்கூட அதிகாரியாக இல்லை! பெயரிலே இந்தியா, பதவியிலே வெள்ளையர். என்னிடமுள்ள குழுப் படம் ஒன்றில் நாற்காலியில் அமர்ந்தோர் அனைவருக்கும் கீழே பெயருண்டு. பின்னே நிற்கும் நம்மவர்க்கு இல்லை. கரி அள்ளிய கைகள், கயிறு இழுத்த கைகள். எழுதத்தான் எவருக்கும் மனமில்லை.

அந்தப் பின்வரிசை 1946 பிப்ரவரி 18 அன்று பேசிற்று. பம்பாயில் 'தல்வார்' பயிற்சி நிலையத்தில், இழிந்த உணவையும் இழிசொல்லையும் பொறாது தொடங்கிய வேலைநிறுத்தம், 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவிற்று. ஐந்தே நாளில் அடங்கிற்று. ஆனால் அதிர்ச்சி அடங்கவில்லை. செங்கற்பட்டில் 1911-இல் பிறந்த ராம் தாஸ் கட்டாரி, 1958-இல் கடற்படைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். அவர் படம் எளிதிற் கிடைக்கும். 1946-இன் மாலுமிகள் படமோ, பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் ஒரு படம் கொணர்ந்தான். வெள்ளைச் சீருடை, வட்டத் தொப்பி, பட்டை ஏதுமில்லை. வீட்டிலே சாமிப் படங்களுக்கிடையே மாட்டிப் பொட்டு வைத்திருந்தனராம். பெயரோ அவனுக்குத் தெரியவில்லை. "பாட்டியைக் கேட்டு வா" என்றேன். மறுநாள் வந்தான். படத்தைக் கவிழ்த்து, பென்சிலால், அழுத்தாமல், அவனையே எழுதச் சொன்னேன்.