சோள மணியின் துவர்ப்பு: டானின் உற்பத்தியை ஆளும் மரபணுக்கள்

1. ஆய்வுப் பொருள்

சோளத்துக்குத் துவர்ப்பைத் தருவது செறிவுற்ற டானின். கேடெக்கின், எபிகேடெக்கின் அலகுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவாகும் இப்பொருள், கனித்தோலுக்கு அடியிலுள்ள விதையுறையில் சேர்கிறது. சிவந்த மணியெல்லாம் டானின் மணி என்ற எண்ணம் தவறானது. கனித்தோலின் நிறத்தை வேறு மரபணுக்கள் ஆள்கின்றன. வெளிறிய மணிக்குள்ளும் நிறமேறிய விதையுறை மறைந்திருக்கலாம். காரம் கலந்த பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்தால் கனித்தோல் கரைந்து, டானின் உள்ள மணி கருத்துத் தெரியும்.

2. மரபுவழி

2.1 விதையுறையில் டானின் சேர, பி1, பி2 ஆகிய இரு மரபணுக்களிலும் குறைந்தது ஓர் ஓங்கு அல்லீல் இருக்க வேண்டும். ஒன்றில் பி1 பழுது, மற்றதில் பி2 பழுது என்றிருக்கும் இரு டானினற்ற ரகங்களைக் கலந்தால், டானின் திரும்பிவிடும். ஆனால் கலப்பில் விளைந்த மணியைப் பார்த்து இதை அறிய முடியாது. விதையுறை தாய்ச்செடியின் திசு. அம்மணியை விதைத்து, அச்செடி ஈனும் கதிரில்தான் துவர்ப்பு வெளிப்படும். அடுத்த தலைமுறைச் செடிகள் டானின் உள்ளவை, அற்றவை என 9:7 விகிதத்தில் பிரியும். நிரப்பு மரபணுக்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2.2 எஸ் என்னும் பரவல் மரபணுவும் ஓங்கியிருந்தால் டானின் கனித்தோலிலும் சேரும்.

3. மூலக்கூறு நிலை

மேற்கண்ட இரு மரபணுக்களில் ஒன்றாக 2012இல் அடையாளம் காணப்பட்ட டானின்1, 4ஆம் குரோமோசோமில் உள்ளது; டபிள்யூடி40 வகைப் புரதத்தை உருவாக்குகிறது. மற்றதான டானின்2 தருவது பிஹெச்எல்ஹெச் வகைப் புரதம். இவை எம்ஒய்பி புரதத்துடன் சேர்ந்து, டானின் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்குகின்றன. டானின்1இல் ஒரே ஒரு டிஎன்ஏ காரம் நீங்கினாலும் போதும், குறியீட்டின் வாசிப்பு பிறழ்ந்து புரதம் செயலிழக்கிறது. 10 காரங்கள் நுழைந்து பழுதான அல்லீலும் உண்டு.

4. இழப்பும் தேர்வும்

நெல்லில் கதை வேறு. அரிசியின் சிவப்பை ஆளும் ஆர்சி மரபணுவில் நேர்ந்த 14 கார இழப்பு ஒன்றே பெரும்பாலான வெள்ளையரிசி ரகங்களில் காணப்படுகிறது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெல் ரகங்களில் சிவப்பு நிலைத்தது. சோளத்திலோ துவர்ப்பு பல வழிகளில் தனித்தனியே தொலைந்தது. தொலையாத இடங்களும் உண்டு: கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் டானின் சோளம் இன்றும் பரவலாக விளைகிறது. கதிர் தின்னும் சிவப்பலகுக் குவிலியா பறவைகளின் பரவலோடும், கசப்பை உணரும் மனித மரபணு வேறுபாடுகளோடும் இதற்குத் தொடர்பிருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. டானின் புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் குறைக்கும். ஆயினும் பறவையிடமிருந்தும் பூஞ்சணத்திடமிருந்தும் கதிரைக் காக்கும். ஆகவே டானின் இழப்பைப் பயிரின் முன்னேற்றமாக மட்டும் கணக்கிடுவதை ஏற்க இயலாது. குவிலியாக் கூட்டம் இறங்கும் வயலில் துவர்ப்புச் சோளத்தைத் தக்கவைத்த உழவரின் தேர்வும் பயிர்மேம்பாடே.