சிவப்பு ரோஜா... உள்ளே ஒரு கடிதம்!

கோட்டில் மஞ்சள் ரோஜா குத்தியிருந்தால், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்கிற கட்சி. சிவப்பு ரோஜா என்றால், 'குடும்பத்தைக் கவனிக்காமல் பொம்பளைகளுக்கு ஓட்டுச்சாவடியில் என்ன வேலை?' என்கிற கட்சி.

1920, ஆகஸ்ட் 18. புதன்கிழமை காலை. அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிற டென்னஸி மாநிலம், தலைநகர் நாஷ்வில். சட்டமன்றத்தின் கீழ்சபைக்குள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நுழைய நுழைய, மேலே பார்வையாளர் மாடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பெண்கள் பூக்களை எண்ணினார்கள். சபையின் மொத்த பலம் 99. அன்று வந்திருந்தவர்கள் 96. மஞ்சள் 47. சிவப்பு 49.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று மாடத்தில் முகங்கள் தொங்கிப்போயின.

அந்த 49 சிவப்பு ரோஜாக்களில் ஒன்று ஹாரி பர்ன் என்ற 24 வயது இளைஞரின் கோட்டில் இருந்தது. சபையிலேயே வயதில் சின்னவர். ரோஜா வெளியே... அதே கோட்டின் பாக்கெட்டுக்குள் ஒரு கடிதம். அம்மா எழுதியது. அதை அப்புறம் பிரிப்போம்.

ஒரு மாநில சபையின் ஓட்டெடுப்புக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? அமெரிக்காவில் அரசியல் சட்டத்தைத் திருத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாஷிங்டனில் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதோடு விட்டார்களா? நான்கில் மூன்று பங்கு மாநிலங்களும் ஒப்புதல் தரவேண்டும். அப்போது இருந்தவை 48 மாநிலங்கள். ஆக, 36 மாநிலங்கள் தலையாட்ட வேண்டும்!

1848-ல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண்கள் கூடி, 'எங்களுக்கும் ஓட்டு வேண்டும்' என்று பிரகடனம் செய்ததிலிருந்து ஆரம்பித்த போராட்டம் அது. சூசன் ஆன்டனி என்ற பெண்மணி 1872-ல் தைரியமாகப் போய் ஓட்டே போட்டுவிட்டார். கைது செய்து, 100 டாலர் அபராதம் போட்டார்கள். கடைசிவரை அந்த அபராதத்தை அவர் கட்டவில்லை. 1906-ல் ஓட்டுரிமையைப் பார்க்காமலேயே இறந்தும் போனார். ஒருவழியாக 1919 ஜூனில் வாஷிங்டன் இறங்கிவந்தது. மாநிலங்கள் வரிசையாக ஒப்புதல் தந்தன. 1920 மார்ச்சில் 35 ஆகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று!

அங்கேதான் வண்டி நின்றது. டெலாவேர் கையை விரித்துவிட்டது. வெர்மான்ட், கனெக்டிகட் மாநிலங்களின் கவர்னர்கள் சபையைக் கூட்டவே மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த நம்பிக்கை டென்னஸி. ஜனாதிபதி வில்சனே தந்தி அடித்து வற்புறுத்தியதும், டென்னஸி கவர்னர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ் ஆகஸ்ட் 9-ம் தேதி சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அவருக்கு அடுத்த சில மாதங்களில் தேர்தல். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி விழும் என்பது தெரிந்தே செய்தார்.

நாஷ்வில் திருவிழாக் கோலம் பூண்டது. ஆதரவாளர்களின் தலைவி காரி சாப்மன் கேட், சட்டமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹெர்மிடேஜ் ஹோட்டலில் ஜூலையிலேயே வந்து இறங்கிவிட்டார். எதிர்ப்பு அணியின் தலைவியும் ஒரு பெண்தான். ஜோசஃபின் பியர்சன். தங்கியது? அதே ஹோட்டல்! லாபியில் இரண்டு கோஷ்டியும் எதிரும் புதிருமாக நடமாடின. எட்டாவது மாடியில் எதிர்ப்பாளர்கள் ஓர் அறை பிடித்து உறுப்பினர்களுக்கு ராப்பகலாக இலவச விஸ்கி ஊற்றினார்கள். நாடு முழுக்க மதுவிலக்கு அமலில் இருந்த வருடம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சும்மா யாராவது விஸ்கி ஊற்றுவார்களா? பெண்கள் ஓட்டுப் போட ஆரம்பித்தால் மதுவிலக்கு நிரந்தரமாகிவிடும் என்று சாராய வியாபாரிகளுக்குப் பயம். குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை வரும் என்று பஞ்சாலை முதலாளிகளுக்குப் பயம். எல்லாவற்றுக்கும் அடியில், தென் மாநிலங்களுக்கே உரிய பயம் ஒன்று இருந்தது: கறுப்பினப் பெண்களும் ஓட்டுப் போட வருவார்களே! அந்த வருடம் மே மாதம்தான் இதே சட்டமன்ற மண்டபத்தில் பெண்கள் கூட்டம் ஒன்றில் ஃபிரான்கி பியர்ஸ் என்ற கறுப்பினத் தலைவி எழுந்து நின்று, தன் இனத்துப் பெண்களுக்காகப் பேசிவிட்டுப் போயிருந்தார். பலருக்கு அதுவே வயிற்றைக் கலக்கியது.

மேல்சபையில் பிரச்னை இல்லை. ஆகஸ்ட் 13-ல் 25-க்கு 4 என்ற கணக்கில் ஊதித்தள்ளிவிட்டார்கள். கீழ்சபையில்தான் சிக்கல். காரணம், சபாநாயகர் சேத் வாக்கர். முதலில் ஆதரவு தருவதாகச் சொன்னவர், திடீரென்று பல்டி அடித்து எதிர்ப்பு அணிக்குத் தளபதியாகவே மாறிவிட்டார்.

18-ம் தேதிக்கு வருவோம். விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாக்கர் தன் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். கையில் 49 ஓட்டு இருக்கிறது. இனி பேச்சு எதற்கு? தீர்மானத்தை ஓட்டுக்கு விடக்கூட வேண்டாம், கிடப்பில் போட்டுவிடலாம் என்று முன்மொழிந்தார். கிடப்பில் போட்டால் செத்த மாதிரிதான். நேரடியாக எதிர்த்து ஓட்டுப் போட்ட கெட்ட பெயரும் யாருக்கும் வராது. கெட்டிக்கார ஐடியா!

பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். கிடப்பில் போடலாமா? ஹாரி பர்ன், "ஆம்" என்றார். சிவப்பு ரோஜாக்காரர்தானே, சொல்லாமல் என்ன செய்வார். பட்டியல் நகர்ந்து கிட்டத்தட்ட முடியும் நேரம். பாங்க்ஸ் டர்னர் என்று ஒரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர். எதிர்ப்பு அணியின் கணக்கில் இருந்தவர். அவர் பெயர் வந்தது. "இல்லை" என்றார்.

48-க்கு 48!

வாக்கருக்கு நம்ப முடியவில்லை. மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணும்போதே டர்னரின் இருக்கைக்குப் போய், தோளில் கை போட்டுக் காதோடு காதாக ஏதோ பேசினார். மாடத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. டர்னர் பெயர் மறுபடி கூப்பிடப்பட்டது. தோளில் கிடந்த சபாநாயகரின் கையை விலக்கிக்கொண்டு மறுபடியும் அதே "இல்லை". மறுபடியும் 48-க்கு 48. சமநிலை என்றால் முன்மொழிவு தோற்றது என்று அர்த்தம். கிடப்பில் போடும் திட்டம் கிடப்புக்குப் போனது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தை ஓட்டமாக ஓடிக் கடந்து, அம்மாவின் கடிதத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஹாரி அந்த இரண்டு முறையும் கிடப்பில் போடத்தான் ஓட்டுப் போட்டார். அம்மாவின் கடிதம் அப்போதும் அவர் பாக்கெட்டில்தான் இருந்தது! டர்னர் மட்டும் சபாநாயகரின் கைக்கு அசைந்து கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

வாக்கர் அசரவில்லை. அவர் மனதில் வேறு கணக்கு. சரி, நேரடியாகவே ஓட்டெடுப்பு நடக்கட்டும். இதே 48-க்கு 48 வந்தாலும் ஒப்புதல் தீர்மானம் தோற்றுவிடுமே! சமநிலையே அவருக்குப் போதும். ஆனால் கிடப்பில் போடும் வசதி போய்விட்டதால், இப்போது ஒளிந்துகொள்ள யாருக்கும் இடமில்லை. ஆதரவா, எதிர்ப்பா? நேராகச் சொல்லியாக வேண்டும்.

அகர வரிசையில் பர்ன் என்ற பெயர் ஆரம்பத்திலேயே வந்துவிடும். வந்தது.

"ஆம்."

சட்டென்று சொல்லி முடித்துவிட்டார். சிலருக்கு அது காதில் விழுந்து மண்டையில் ஏறவே சில விநாடிகள் ஆயின. சிவப்பு ரோஜா குத்திக்கொண்டு 'ஆம்' என்கிறானே! பட்டியல் கீழே இறங்கியது. டர்னர் பெயர் வந்தபோது அவர் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு எழுந்தார். தன் ஓட்டை 'ஆம்' என்று பதிவு செய்யச் சொன்னார்.

49-க்கு 47.

மாடத்திலிருந்து மஞ்சள் ரோஜா இதழ்கள் மழையாகக் கொட்டின. பெண்கள் கத்தினார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோபத்தில் கொந்தளித்த எதிர் கோஷ்டியிடமிருந்து தப்பிக்க ஹாரி ஜன்னல் வழியாக வெளியே குதித்து, கட்டட விளிம்பில் நடந்து பரணில் ஒளிந்துகொண்டார் என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

இந்த அமளியிலும் மூளையைத் தொலைக்காத ஆள் வாக்கர். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டுமானால், ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவராக இருக்க வேண்டும் என்பது விதி. உடனே தன் ஓட்டை 'ஆம்' என்று மாற்றிக்கொண்டார். 50-க்கு 46! மூன்று நாள் அவகாசம் கிடைத்தது. அதற்குள் இரண்டு பேரை இழுத்துவிடலாம் என்பது திட்டம். ஆனால், 99 பேர் கொண்ட சபையில் 50 என்பது முழுப் பெரும்பான்மை. வந்திருந்தவர்களில் மட்டும் பெரும்பான்மை என்று பிற்பாடு யாரும் குறை சொல்ல முடியாதபடி, எதிரணித் தளபதியே ஐம்பதாவது ஓட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார்! சொந்தச் செலவில் சூனியம்!

இனி கடிதம். எழுதியவர் ஃபெப் பர்ன். நயோட்டா என்ற கிராமத்தில் தோட்டம் துரவைப் பார்த்துக்கொண்டிருந்த விதவை. ரயில்வே ஸ்டேஷன் அதிகாரியாக இருந்த கணவர் 1916-ல் இறந்துபோயிருந்தார். தினமும் பேப்பர் படிக்கிற பெண்மணி. ஏழு பக்கக் கடிதத்தில் பெரும்பகுதி ஊர்க்கதை, வீட்டுக்கதை. நடுநடுவே அரசியல். தங்கள் பகுதி செனட்டர் கேண்ட்லர் மேல்சபையில் பேசியது ரொம்பக் கசப்பாக இருந்ததாம். மகன் எந்தப் பக்கம் என்று பேப்பரில் தேடித் தேடிப் பார்த்தாராம், ஒன்றும் காணோமாம். தயங்காமல் ஓட்டுரிமைக்கு ஆதரவு கொடு, நல்ல பிள்ளையாக மிசஸ் கேட்டுக்கு உதவி செய் என்று ஒரு வரி. அதிலும் ஒரு ஜோக். ஒப்புதலுக்கு ஆங்கிலத்தில் 'ராட்டிஃபிகேஷன்'. அதன் முதல் மூன்று எழுத்து எலி. தலைவியின் பெயரோ கேட், அதாவது பூனை! பூனையையும் எலியையும் ஒரே வரியில் கோத்துவிட்டிருந்தார் அம்மா.

மறுநாளே லஞ்சப் புகார் கிளம்பியது. ஹாரி சபையில் எழுந்து தன் விளக்கத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்தார். பெண்களின் உரிமை நியாயமானது என்று நம்புகிறேன், ஒரு பையனுக்கு அம்மா சொல்கிற யோசனைதான் எப்போதும் பத்திரமானது, என் அம்மா இப்படித்தான் ஓட்டுப் போடச் சொன்னார் என்றார். கூடவே, இந்தப் பெருமை என் குடியரசுக் கட்சிக்கும் சேரட்டும் என்று ஒரு வரி சேர்க்கவும் மறக்கவில்லை. அரசியல்வாதி ஆயிற்றே! தன் ஓட்டு இல்லாமல் தீர்மானம் தோற்கும் நிலை வந்தால் கைவிடமாட்டேன் என்று ஆதரவாளர்களிடம் முன்பே அவர் வாக்குக் கொடுத்திருந்ததாகவும் சொல்வார்கள். தொகுதிக்கு ஒரு சிவப்பு ரோஜா, அம்மாவுக்கு ஒரு 'ஆம்'. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்டமுடியுமோ ஓட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எதிர்ப்பாளர்கள் அம்மாவையும் விடவில்லை. லூசியானாவின் முன்னாள் கவர்னரின் மனைவி நயோட்டாவுக்கே போய், அந்தக் கடிதம் போலி என்று எழுதித் தரச்சொல்லி நெருக்கினார். ஃபெப் மசியவில்லை. எழுதியது நான்தான், அதில் மாற்றமில்லை என்று நாஷ்வில்லுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

மூன்று நாளில் வாக்கருக்கு ஒரு ஓட்டுகூடப் பெயரவில்லை. கடைசி முயற்சியாக, ஆகஸ்ட் 20 ராத்திரி எதிரணியினர் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் ரயிலேறிப் பக்கத்து அலபாமா மாநிலத்துக்கு ஓடிப்போனார்கள். கோரம் இல்லாமல் சபை நடக்காதே என்று கணக்கு. (எம்.எல்.ஏ.க்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது நம் ரிசார்ட்டுகளில் தொடங்கியது என்று நினைத்திருந்தால், மாற்றிக்கொள்ளுங்கள்.) மிச்சமிருந்தவர்கள் மறுநாள் கூடி மறுபரிசீலனையைத் தள்ளுபடி செய்தார்கள். கோர்ட் தடை, தடைக்குத் தடை என்று இன்னும் சில நாள் இழுபறி. 24-ம் தேதி கவர்னர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். 26-ம் தேதி காலை, வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர் பெயின்பிரிட்ஜ் கோல்பி தன் வீட்டில் வைத்தே கையெழுத்திட்டார். போட்டோ இல்லை, விழா இல்லை. கூட நிற்க ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1922-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது.

ஃபிரான்கி பியர்ஸ் பேசிய கூட்டத்துக்கு மட்டும் பாதிதான் கிடைத்தது. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் என்று தென் மாநிலங்கள் கறுப்பினப் பெண்களைச் சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தின. அதற்கு முடிவு கட்ட 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நவம்பர் 2-ம் தேதி பொதுத் தேர்தல். கவர்னர் ராபர்ட்ஸ் தோற்றார். ஹாரி பர்ன் ஜெயித்தார். 1848-ல் செனகா ஃபால்ஸ் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட பெண்களில் ஒரே ஒருவர் மட்டும் அன்றைக்கு உயிரோடு இருந்தார். சார்லட் உட்வர்ட். கையெழுத்துப் போட்டபோது கையுறை தைத்துப் பிழைத்த பதின்வயதுப் பெண். இப்போது 90 வயது. உடம்பு முடியாமல் படுத்திருந்ததால், அவரால் ஓட்டுப் போடப் போக முடியவில்லை.