ஆயாக் கொட்டகையிலிருந்து அவதானிப்புப் படிவம் வரை: கெடாவில் குழந்தைப் பராமரிப்பை மதிப்பிட்ட வரலாறு

மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் அன்று விடியுமுன்பே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு தொடங்கிவிடும். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். வெட்டுக் கத்தியைப் பிடிக்க உடம்பு ஒத்துழைக்காத மூதாட்டியே பெரும்பாலும் அங்கு ஆயா. வரிசையாகத் தொங்கும் ஏணைகள், ஓர் அடுப்பு, பால் கலக்கும் குவளை என்று ஏற்பாடு எளிமையானது. பெடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் வளர்ந்த முதியவர்களுக்கு இது தெரியாததல்ல.

இக்கொட்டகையை அதிகாரிகள் எப்படி மதிப்பிட்டார்கள்? 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் பொறுப்புக்கு மாறிய கெடா, அன்று கூட்டாட்சியில் சேராத மாநிலமாக இருந்தது; 1923இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களுக்கு வந்த தொழிலாளர் சட்டம் இங்கு நேரடியாகச் செல்லுபடியாகவில்லை. ஆயினும் பார்வை ஒன்றுதான். இந்திய அரசின் முகவர் அனுப்பிய ஆண்டறிக்கைகளும் மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியின் 1937ஆம் ஆண்டு அறிக்கையும் கூலி, குடியிருப்பு, பள்ளி, மருத்துவம் என வசதிகளையே கணக்கெடுத்தன. சோற்றுக்கு முகம் திருப்பும் பிள்ளையிடம் ஆயா எப்படி நடந்துகொண்டார் என்பது நிர்வாகத்துக்கு வேண்டாத தகவல்.

ஊட்டுவது என்ன என்ற கேள்வியை உரக்க எழுப்பியவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, இனிப்பு டின்பாலைக் குழந்தை உணவாக விற்ற வணிகத்தைச் சாடினார். தலைப்பே போதும், அவர் யாருக்கும் தயவு காட்டவில்லை.

1984ஆம் ஆண்டின் 308ஆம் சட்டம் ‘தஸ்கா’ எனப்படும் காப்பகங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்பின் வரிசைவீட்டுத் தஸ்காவுக்குப் போனார்கள். ஓராண்டுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்ற விகிதம் வந்தது. அதுவும் தலைக்கணக்குதான்.

பராமரிப்பாளரின் நடத்தையையும் அளக்கும் கருவி அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவானது. முதலில் காப்பகமே தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும் வினாத்தாள். பிறகு, 2008இல் வெளியான, ஒரு முழுநாள் அவதானிப்புப் படிவம். பயிற்சி பெற்றவர் மூலையில் அமர்ந்து குறிப்பெடுப்பார்: பராமரிப்பாளர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுகிறாரா, இன்னும் ஒரு வாய் என்று வற்புறுத்துகிறாரா, குறும்புக்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துகிறாரா, தாமும் கூடி ஓடுகிறாரா. தன்னைத் தானே மதிப்பிடும்போது எவரும் சற்றுத் தாராளமாகவே இருப்பர். ஆகவே இரண்டாவதே நம்பத்தக்கது.

ஆனால் இது உடற்பருமனைக் கருதி உருவான கருவி. மலேசியாவிலோ 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். வற்புறுத்தி ஊட்டுவதைக் குறையாகப் பதியும் வரி, மெலிந்த குழந்தையிடம் பொறுமையாகப் பேசி இன்னொரு கவளம் ஊட்டும் கையையும் குறையாகவே எழுதிவிடும். கையால் ஊட்டுவது நம் வீடுகளில் நெடுங்காலம் தொடர்வது. அதைத் திணிப்போடு சேர்க்கலாகாது. விளையாட்டிலும் சிக்கல் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது. வரிசைவீட்டுக் கார்ப்போர்ச்சில் அதற்கு இடம் போதாதது பராமரிப்பாளரின் பிழையல்ல. படிவத்தில் இடமும் நடத்தையும் தனித்தனி மதிப்பெண் பெறவேண்டும். குழந்தையின் வயது, எடை, ஊட்டும்போது அது காட்டிய குறிப்பு ஆகிய மூன்றையும் அதே வரியில் பதிய வேண்டும். ஷிஃப்ட் வேலைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காக, அவதானிப்பைப் பகலோடு நிறுத்தாமல் இரவுச்சாப்பாடு வரை நீட்டிக்கவும் வேண்டும்.