கார் ஆம்ப்ளிஃபயர் வயரிங்

கார் ஸ்டீரியோவின் சொந்தத் திறன் போதாதபோது தனி ஆம்ப்ளிஃபயர் பொருத்தி, அதற்கு மின்சாரமும் ஒலிச் சமிக்ஞையும் கொடுக்கும் இணைப்பு முறை. 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த செம்புக் கேபிள் நேரடியாக வர வேண்டும். 500 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து சுமார் 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். அது காப்பது கேபிளை: உறை கிழிந்து பாடியில் பட்டால் வண்டியே தீப்பிடிக்கலாம். இன்ஜின் அறைத் தகரத்தைக் கேபிள் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால், வண்டியின் அதிர்விலேயே உறை தேய்ந்துவிடும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்கப்படும். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்வது ஸ்டீரியோவின் ரிமோட் வயர். அதை நிரந்தர பாசிட்டிவில் கொடுத்தால் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறும் ‘உய்ங்’ என்ற இரைச்சலுக்குப் பெரும்பாலும் மோசமான எர்த்தே காரணம்.