பிரான்சின் சரளைப் பாதைகளும் மிதிவண்டியும்

தார் பூசாத கிராமச் சாலைகளிலும், வயல்களுக்கும் காடுகளுக்கும் இடையே செல்லும் வண்டிப்பாதைகளிலும் அகலமான டயர் பொருத்திய மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்வது இன்று 'கிராவல்' என்ற பெயரால் அறியப்படுகிறது. பெயர் அமெரிக்காவில் பிறந்தது. அயோவா, கான்சஸ் மாநிலங்களின் சரளைச் சாலைகளில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் தொடங்கிய நெடுந்தூரப் போட்டிகள்தாம் அதைப் பரப்பின. ஆனால் அந்த வண்டிக்கு அடிப்படையான அகல டயரும், ஏற்றத்துக்கு ஏற்பப் பல்சக்கரம் மாற்றும் பொறியும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் பயன்பாட்டில் இருந்தவை. அப்படிப்பட்ட வண்டி அந்த நாட்டிலேயே மறக்கப்பட்டதற்குப் பந்தய விதிகளும் தாரும் காரணம். அது ஓடிய பாதைகளில் பல மறைந்ததற்கோ சட்டமும் உழவும் காரணம்.

கல் உடைத்துப் போட்ட சாலைகள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பெருநகரங்களை இணைக்கும் அரசச் சாலைகள் நல்ல நிலையில் இருந்தன. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான பாதைகளோ மழைக்காலத்தில் சேறாகிவிடும். 1836 மே 21ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் இதை மாற்றியது. ஊர்ச் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பு கம்யூன் எனப்படும் உள்ளாட்சிக்கு வந்தது. உடல் வலுவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை சாலை வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். வண்டியும் இழுவை மாடும் குதிரையும் வைத்திருந்தவர்களுக்கு அவற்றின் உழைப்பும் கணக்கில் சேர்ந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து சம்மட்டியால் கல்லுடைத்துப் பள்ளங்களை நிரப்பும் சாலைப் பணியாளர் பிரெஞ்சுக் கிராம வாழ்வில் பழகிய முகம். இப்படி உடைகல் பரப்பி இறுக்கப்பட்ட சாலைகளில்தான் மிதிவண்டி வளர்ந்தது.

இச்சாலைகளுக்கும் கீழ்நிலையில் வயலுக்கும் ஆலைக்கும் நீர்நிலைக்கும் போகும் பாதைகள் இருந்தன. 1881ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை 'ஊரகப் பாதைகள்' என்று தனி வகையாக வரையறுத்தது. ஏட்டளவிலான பிரிவினை போலத் தோன்றினாலும் பிற்காலத்தில் எந்தப் பாதை பிழைக்கும், எது அழியும் என்பதை முடிவு செய்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

வெலோசியோ

பட்டு வணிகராக இருந்த போல் டெ விவி 1853இல் தெற்கு பிரான்சில் பிறந்தவர். செயிண்ட் எத்தியேன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்து, 1887இல் ஒரு மிதிவண்டி இதழையும் தொடங்கினார். அதில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 'லெ சிக்லிஸ்த்' என்ற பெயரில் புகழ்பெற்ற அவ்விதழ் அவருடைய ஆய்வுக்கூடம் என்றே சொல்லலாம். நகரின் தென்கிழக்கே 1161 மீட்டர் உயரத்தில் ரெப்புப்ளிக் கணவாய் உள்ளது. அந்தக் கல்சாலையில் திரும்பத் திரும்ப ஏறி, எந்தப் பல்சக்கரம் கால்களை வருத்துகிறது, எந்த டயர் அதிர்ச்சியை உள்வாங்குகிறது என்று பார்த்து எழுதினார். சைவ உணவுக்காரரான அவர் இரவு பகலாக வண்டி ஓட்டி, நெடுந்தூரப் பயணத்தில் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பதிவு செய்தார்.

அவர் வற்புறுத்திய கருத்துகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மலையேற ஒற்றைப் பல்சக்கரம் போதாது, ஏற்றத்துக்கும் சமவெளிக்கும் தனித்தனி அளவு வேண்டும் என்பது. மற்றொன்று, கரடுமுரடான சாலையில் மெல்லிய, கடினமான டயரைவிட அகலமான, மென்மையான டயரே நல்லது என்பது. இன்றைய கிராவல் வண்டி இந்த இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அவருக்கு எதிர்முனையில் நின்றவர் 'லோட்டோ' நாளிதழின் ஆசிரியரும், 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவருமான ஆன்றி டெக்ராஞ்ச். பந்தயம் தசையின் வெற்றியாக இருக்க வேண்டுமே தவிர பொறியின் வெற்றியாக அல்ல என்பது அவர் கொள்கை. 1902இல் பிரெஞ்சுச் சுற்றுலா மன்றம் பிரெனே மலையின் டூர்மாலே கணவாய்ச் சாலையில் மிதிவண்டிகளைச் சோதித்து, பல்சக்கரம் மாற்றும் வண்டிகளின் நன்மையைக் காட்டிய பிறகும் அவர் இறங்கி வரவில்லை. அவை 45 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் என்று எழுதினார்.

அதன் விளைவை அடுத்த முப்பது ஆண்டுகள் வீரர்கள் சுமந்தார்கள். 1910இல் பந்தயம் முதன்முறையாக டூர்மாலேவைக் கடந்தபோது அது ஆட்டுமந்தைகளும் மாட்டுவண்டிகளும் போகும் கற்பாதை. மலையடிவாரம் வந்ததும் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார். சக்கரத்தின் மறுபுறத்தில் ஏற்றத்துக்கான பல்சக்கரம் இருக்கும். உச்சிக்குப் போனதும் மீண்டும் இறங்கித் திருப்ப வேண்டும். 1913இல் யூஜின் கிறிஸ்தோஃப் டூர்மாலேயிலிருந்து இறங்கும்போது முன்கவை உடைந்தது. வண்டியைச் சுமந்து மலையடிவாரத்திலுள்ள செயிண்ட் மரி டெ காம்பான் கிராமத்துக்கு நடந்தார். பிறர் உதவி கூடாதென்பது விதி. ஆகவே கொல்லுப் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சீர்செய்தார். துருத்தி ஊதிக் கொடுத்த சிறுவனின் உதவிக்காக அவருக்குத் தண்டனை நேரமும் சேர்ந்தது. டூர் பந்தயத்தில் பல்சக்கர மாற்றி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930இல் செயிண்ட் எத்தியேன் தெருவில் டிராம் மோதி அவர் இறந்திருந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. அக்காலப் பந்தய வீரர் ஓடிய சாலை இன்றைய கணக்கில் முழுச் சரளைச் சாலை. ஆனால் அந்தச் சாலைக்கு ஏற்ற வண்டி பந்தயத்தில் இல்லை, அது சுற்றுலாப் பயணிகளிடம்தான் இருந்தது. செய்தித்தாளில் படம் வந்ததோ பந்தய வண்டிக்கு.

தாரும் விடுமுறையும்

வேகமாக ஓடும் மோட்டார் வண்டிகள் உடைகல் சாலையின் மேற்பரப்பைப் புழுதியாக்கின. சுவிட்சர்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் குக்லியெல்மினெத்தி 1902இல் மொனாக்கோவில் சாலையில் தார் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். 'டாக்டர் தார்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. 1908இல் முதல் உலகச் சாலை மாநாடு பாரிசில் கூடியது. தார் முதலில் பெருஞ்சாலைகளை மூடியது. சிறு சாலைகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலமே பிரெஞ்சு மிதிவண்டிச் சுற்றுலாவின் பொற்காலம். 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை அளித்தது. பாரிசின் தொழிலாளர்கள் இருவர் வண்டிகளிலும் தனி வண்டிகளிலும் கூடாரம் கட்டிக்கொண்டு நாட்டுப்புறம் நோக்கிப் புறப்பட்டார்கள். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற கைவினைஞர்கள் எடை குறைந்த, மண்காப்பும் விளக்கும் சுமைதாங்கியும் உடலோடு பொருந்திய வண்டிகளைச் செய்தார்கள். அத்தகைய வண்டிகளுக்கு ஏற்ற அளவு '650பி'. 584 மில்லிமீட்டர் விட்டமுள்ள விளிம்பில் பருத்த டயர் ஏறும். 1951 முதல் 1956 வரை பாரிசின் புறநகர் இளைஞர்கள் சிலர் இந்த 650பி வண்டிகளைத் திருத்தி, மோப்பெட்டின் அதிர்வுதாங்கிகளைப் பொருத்திக் காட்டுப்பாதைகளில் ஓட்டினர். மலை மிதிவண்டி என்ற சொல்லே அப்போது இல்லை.

சிறு சாலைகளும் வழுவழுப்பான பின் மெல்லிய டயரே போதும் என்றாயிற்று. 650பி அளவு ஏறத்தாழ மறைந்தது. அதைக் காப்பாற்றியவர்களில் அமெரிக்க, ஜப்பானிய ஆர்வலர்கள் முக்கியமானவர்கள். ஜப்பானின் கியோத்தோவில் தோன்றிய ஒரு டயர்ப் பெயர் 'கிராண்ட் புவா'. வெலோசியோ ஏறிய அதே கணவாயின் மறுபெயர் அது.

உழுது அழிக்கப்பட்ட பாதைகள்

1959ஆம் ஆண்டு ஆணை ஊர்ச் சாலைகளில் நல்ல நிலையில் இருந்தவற்றைக் கம்யூன் சாலைகளாக்கிப் பொதுச் சொத்துப் பாதுகாப்பு தந்தது. மற்றவை ஊரகப் பாதைகளாயின. ஊரகப் பாதை கம்யூனின் தனிச் சொத்து. எனவே அதை விற்க முடியும். அதைவிட ஆபத்து, பக்கத்து நிலக்காரர் தடையின்றி முப்பது ஆண்டுகள் அனுபவித்தால் அதற்கு உரிமை கோரவும் முடியும்.

அதே காலத்தில் சிதறிய நிலங்களை ஒருங்கிணைக்கும் திட்டம் வேகம் பெற்றது. டிராக்டருக்குப் பெரிய வயல் வேண்டும். பிரித்தானி பகுதியில் வயல்களைப் பிரித்த மண்கரைகளும் உயிர்வேலிகளும் இடித்துத் தள்ளப்பட்டபோது அவற்றையொட்டிய பாதைகளும் போயின. எஞ்சிய பாதைகளில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் ஏர் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு சால் கூட்டி உழுதால் போதும், ஒரு தலைமுறைக்குள் பாதை வயலாகிவிடும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் நடைபாதைத் திட்டம் வகுக்க வழிசெய்து, அதில் சேர்த்த ஊரகப் பாதைகளுக்கு ஓரளவு காப்பளித்தது. 2022இல் வந்த சட்டமோ பாதைகளைக் கணக்கெடுக்கும் கம்யூன்களுக்கு அந்த முப்பதாண்டுக் கணக்கை இடைநிறுத்தி அவகாசம் தந்தது.

பந்தயங்களும் இப்பாதைகளுக்குத் திரும்பியுள்ளன. பிரித்தானியின் லெயோன் பகுதியில் 1984இல் தொடங்கிய 'த்ரோ ப்ரோ லெயோன்' பண்ணைப்பாதைகளில் ஓடுகிறது. பிரெத்தோன் மொழியில் அவற்றுக்கு 'ரிபின்' என்று பெயர். அம்மொழிவழிப் பள்ளிக்கு நிதி திரட்டவே இப்பந்தயம் தொடங்கப்பட்டது. சிறந்த உள்ளூர் வீரருக்குப் பன்றிக்குட்டி பரிசு. பாரிஸ்-தூர் பந்தயம் 2018இல் திராட்சைத் தோட்டப் பாதைகளைச் சேர்த்தபோது, டயர் பஞ்சராவதைச் சொல்லி எதிர்த்தவர்களும் உண்டு. 2024 டூர் டி பிரான்சின் ஒன்பதாம் கட்டத்தில் திருவா நகரைச் சுற்றி 14 வெண்சாலைப் பகுதிகள், மொத்தம் சுமார் 32 கிலோமீட்டர், இடம்பெற்றன. தெற்கே மில்லோ நகருக்கு மேலுள்ள கோஸ் சுண்ணாம்புப் பீடபூமிகளில் உலகக் கிராவல் தொடரின் பந்தயமும் நடக்கிறது.

பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு ஒரு நுட்பம் முக்கியம். ஊரகப் பாதையில் எவரும் போகலாம். பண்ணைப் பயன்பாட்டுப் பாதை அருகிலுள்ள நில உரிமையாளர்களுடையது, அதில் பொதுமக்களை அவர்கள் தடுக்கலாம். இரண்டும் தரையில் ஒரே மாதிரிதான் இருக்கும், நிலவரைபடத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஊரகப் பாதை ஒன்றைக் கம்யூன் விற்க நினைத்தால், அது பொதுப் பயன்பாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குமுன் பொது விசாரணையும் நடத்த வேண்டும். அங்கே எவரும் வந்து கருத்துச் சொல்லலாம். அந்தப் பாதையில் இன்னும் யாராவது போகிறார்களா என்பதே அப்போது எழும் முதல் கேள்வி.